தபாலில் வரும் வீடியோ கேம்: அமெரிக்காவில் டிஸ்க் வாடகைச் சந்தாவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாதச் சந்தா கட்டினால், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களில் ஆடும் கேம் டிஸ்க் தபாலில் வீட்டுக்கு வரும். ஆடி முடித்து, கூடவே வந்த முன்கட்டண உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினால், உங்கள் பட்டியலில் அடுத்து இருக்கும் கேம் கிளம்பும். தாமதக் கட்டணம் இல்லை, திருப்பித் தரக் கெடு நாளும் இல்லை. அமெரிக்காவில் 2002-இல் தொடங்கிய கேம்ஃப்ளை இந்த முறையில் நெடுங்காலமாக இயங்கிவரும் சேவை. படங்களைத் தபாலில் அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29-ஆம் தேதியோடு அந்தப் பிரிவை மூடியது. கடை வாசல் இயந்திரங்களில் வாடகைக்குக் கொடுத்துவந்த ரெட்பாக்ஸ் 2019-இல் கேம்களைக் கைவிட்டு, 2024-இல் திவாலானது. புது டிஸ்க் ஒன்று 70 டாலர் விற்கும் காலத்தில், வாங்காமல் ஆடிப்பார்க்க மிஞ்சியிருக்கும் நல்ல வழிகளில் தபால் வாடகையும் ஒன்று.

சந்தாவின் லாபநட்டம் மாதக் கட்டணத்தைப் பார்த்தால் தெரியாது. டிஸ்க் தபாலில் கிடக்கும் நாட்களும், அலமாரியில் தொடப்படாமல் கிடக்கும் நாட்களும்தான் பணத்தைத் தின்கின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த நாட்களைக் குறைப்பதைப் பற்றியதுதான்.

சேரும் முன் கணக்குப் போடுங்கள்

ஒரு டிஸ்க் திட்டம் மாதம் 16 டாலர் என்று வைத்துக்கொள்வோம் (விலை அவ்வப்போது மாறும், சேரும் நாளில் திரையில் காட்டும் தொகையை இந்தக் கணக்கில் பொருத்திக்கொள்ளுங்கள்). டிஸ்க் உங்களிடம் வர 3 நாள், திரும்பிப் போக 3 நாள், கிடங்கில் பதிவாகி அடுத்தது கிளம்ப 1 நாள். ஆக ஒவ்வொரு சுற்றிலும் 7 நாள் உங்கள் கையில் எதுவும் இருக்காது. 7 நாளில் ஒரு கேமை முடிப்பவருக்கு ஒரு சுற்று 14 நாள். மாதம் இரண்டு கேம், ஒன்றுக்கு 8 டாலர்தான் ஆகிறது. 3 வாரம் வைத்து ஆடுபவருக்கு மாதம் ஒன்று, அதாவது ஏறக்குறைய 15 டாலர். இதுவும் மோசமில்லை.

வாரத்துக்கு 5 மணி நேரம்தான் கிடைக்கிறது, ஆட விரும்புவதோ 60 மணி நேர கேம் என்றால் நிலைமை வேறு. 12 வாரம், கிட்டத்தட்ட 3 மாதக் கட்டணம், 48 டாலர். அந்த கேமைப் புதிதாக வாங்கி, முடித்தபின் பாதி விலைக்கு விற்றாலும் 35 டாலர்தான் செலவு. எனவே ‘எல்டன் ரிங்’, ‘பெர்சோனா 5 ராயல்’ போன்ற நீண்ட கேம்களை வாங்கி ஆடுங்கள். வாடகைக்கு ஏற்றவை 8 முதல் 20 மணி நேரத்துக்குள் முடிபவை: ‘ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலிஸ்’, ‘ஆஸ்ட்ரோ பாட்’, ‘லூயிஜிஸ் மேன்ஷன் 3’, ‘ரெசிடென்ட் ஈவில் 4’-இன் புதுப்பதிப்பு. குறிப்பாக நின்டெண்டோ கேம்கள். அவை பல ஆண்டுகள் ஆனாலும் அதிகம் விலை இறங்குவதில்லை, மற்ற நிறுவனங்களின் சந்தாக்களிலும் கிடைப்பதில்லை.

மைக்ரோசாஃப்டின் கேம் சந்தாவான எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. அதன் அல்டிமேட் திட்டம் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மாதம் 29.99 டாலராக ஏறியது. பட்டியலில் இருக்கும் நூற்றுக்கணக்கான கேம்களில் கைபோனபடி எதையும் தொட்டுப் பார்ப்பவருக்கு அது பொருந்தும். சோனி, நின்டெண்டோ வெளியிடும் புது கேம்களை அந்த மாதமே ஆட நினைப்பவருக்குத் தபால் வாடகை பொருந்தும். இரண்டையும் ஒரே மாதத்தில் கட்டுவது வீண்.

இரண்டு டிஸ்க் திட்டம் பெரும்பாலும் ஒற்றைத் திட்டத்தை விட ஏழெட்டு டாலர்தான் கூடுதல். வாரம் ஒரு கேம் முடிக்கும் வேகம் இருந்தால் இதுவே சிறந்தது. ஒன்று தபாலில் இருக்கும் 7 நாளும் மற்றது கையில் இருக்கும். 14 நாளில் இரண்டு, மாதத்தில் நான்கு. இதற்கு ஒரே நிபந்தனை, இரண்டையும் ஒரே நாளில் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் இரண்டும் சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வரும். வீட்டில் வெறும் வாரம் மீண்டும் முளைத்துவிடும்.

உங்கள் கன்சோலில் டிஸ்க் போட இடம் இருக்கிறதா

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சேர்ந்தபின் இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இல் டிஸ்க் டிரைவ் கிடையாது, பிறகு சேர்க்கவும் முடியாது. சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ் 5) கன்சோலின் முதல் டிஜிட்டல் பதிப்புக்கும் அதே கதி. 2023 நவம்பரில் வந்த மெலிந்த பிஎஸ் 5-இன் டிஜிட்டல் பதிப்புக்கும், 2024 நவம்பரில் வந்த பிஎஸ் 5 புரோவுக்கும் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம். மாட்டியவுடன் ஒருமுறை இணையத்தில் இணைத்து கன்சோலோடு ஜோடி சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை செய்யாது.

கணினி கேம்கள் இந்தச் சேவைகளில் கிடைக்காது. அமெரிக்காவில் 1990-இல் வந்த கணினி மென்பொருள் வாடகைத் திருத்தச் சட்டம், உரிமையாளர் அனுமதி இல்லாமல் மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடுத்தது. வீடியோ கேம் ஆடுவதற்கென்றே செய்த கருவிகளில் ஓடும் கேம்களுக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறது. கன்சோல் டிஸ்க் வாடகைத் தொழில் அமெரிக்காவில் நிற்பது அந்த விலக்கின் மேல்தான்.

சேமிப்பிடத்தையும் பாருங்கள். பிஎஸ் 5-இன் முதல் மாடலில் 825 ஜிபி என்று போட்டிருந்தாலும் கைக்குக் கிடைப்பது 667 ஜிபி. டிஸ்க் வந்தாலும் கேம் முழுவதும் உள் சேமிப்பில் நகலாகித்தான் ஓடும்; டிஸ்க் அதன்பின் சாவி போல உள்ளே இருந்தாக வேண்டும். எப்போதும் 150 ஜிபி காலியாக வைத்திருங்கள்.

பெட்டியில் வருவதும் வராததும்

டிஸ்க் ஒரு காகிதப் பையில் வரும். கடைப்பெட்டி, கையேடு, வரைபடம் எதுவும் வராது. ஒருமுறை மட்டும் பயன்படும் கூடுதல் உள்ளடக்கக் குறியீடுகளும் வராது, வந்தாலும் வேறு யாரோ பயன்படுத்தியிருப்பார்கள்.

இதைவிட முக்கியம், டிஸ்க்கில் கேம் எவ்வளவு இருக்கிறது என்பது. 2022-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’-இன் பிஎஸ் 5 டிஸ்க்கில் இருந்தது 70 எம்பி அளவுதான், மீதி அத்தனையும் இணையத்தில் இறக்க வேண்டும். 2025-இல் வந்த ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ டிஸ்க்கிலும் 100 எம்பி-கூட இல்லை. மாத இணைய வரம்பு உள்ள வீட்டுக்கு இவை பெரும் சுமை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோல்களில் டிஸ்க்குக்குப் பதில் சிறு அட்டைதான். ஸ்விட்ச் 2-இல் ‘கேம் கீ கார்டு’ என்று ஓர் அட்டை வகை இருக்கிறது. அட்டைக்குள் கேம் இருக்காது. செருகினால் கேமை இறக்கிக்கொள்ளலாம், பிறகு ஆடும் ஒவ்வொரு முறையும் அட்டை உள்ளே இருக்க வேண்டும். யார் கணக்கோடும் அது பிணைக்கப்படாததால் வாடகைக்கு ஒத்துவரும், ஆனால் இறக்கும் நேரத்தை உங்கள் நாட்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்கைப் புது எக்ஸ்பாக்ஸில் போட்டாலும் இதே கதைதான், டிஸ்க் அடையாளத்துக்கு மட்டும். கேம் இணையத்திலிருந்து வரும்.

பிஎஸ் 4 டிஸ்க்கைப் போட்டு பிஎஸ் 5 பதிப்புக்கு மேம்படுத்தும் வசதி சில கேம்களில் உண்டு. வாடகை டிஸ்க்கிலும் அது நடக்கும், ஆனால் டிஸ்க் போனபின் அந்தப் பதிப்பு ஓடாது. மேம்படுத்தக் காசு கேட்டால் கட்டாதீர்கள். பட்டியலில் நேரடியாக பிஎஸ் 5 பதிப்பைச் சேர்த்துவிடுங்கள். கூடுதல் உள்ளடக்கம் வாங்குவதும் அப்படியே: டிஸ்க் திரும்பிப் போனால் அதைத் திறக்க வழியில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷன் கணக்கு வைத்திருக்கும் நம்மவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பிஎஸ் 4, பிஎஸ் 5 டிஸ்க் எந்த நாட்டுக் கணக்கிலும் ஓடும். கூடுதல் உள்ளடக்கம் டிஸ்க் வெளியான பகுதியின் கடையில் வாங்கியதாக இருந்தால்தான் பொருந்தும். இந்தியக் கணக்கில் வாங்கியது அமெரிக்க டிஸ்க்கோடு சேராமல் போவது சகஜம்.

பட்டியலை ஆளுவது

கேம்ஃப்ளையில் இந்த வரிசைப் பட்டியலுக்கு ‘கேம் கியூ’ என்று பெயர். எல்லாருக்கும் தோன்றுவது, ஆசைப்பட்ட முப்பது கேம்களை வரிசையாகச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பது. அங்கேதான் பிசகுகிறது. உங்கள் டிஸ்க் திரும்பி வந்த நேரத்தில் கிடங்கு மேலிருந்து கீழே பட்டியலைப் பார்க்கும். முதல் கேம் கைவசம் இல்லை, இரண்டாவது இல்லை, பதினான்காவது இருக்கிறது என்றால் பதினான்காவது கிளம்பிவிடும். என்றோ சேர்த்து மறந்துபோன கேம் வாசலில் வந்து நிற்கும். அதை அப்படியே திருப்பி அனுப்பினாலும் ஒரு வாரம் போச்சு.

பழகியவர்கள் செய்வது இது. நீளமான ஆசைப் பட்டியலைத் தனியாக ஒரு காகிதத்திலோ கைபேசியிலோ வைத்துக்கொள்ளுங்கள். சேவையின் பட்டியலில் மூன்று முதல் ஐந்து கேம் மட்டும், அதுவும் எது வந்தாலும் அன்றே ஆடத் தயாராக இருப்பவை மட்டும். டிஸ்க்கைத் தபாலில் போடும் நாளில் ஒருமுறை பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றின் இருப்பு நிலையையும் பாருங்கள். குறைவாக இருப்பதாகக் காட்டுவதை மேலே வைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் அதற்கு அடுத்து இருப்பது உறுதியாகக் கிடைப்பதாக இருக்கட்டும்.

புது கேமை வெளியாகும் வாரத்திலேயே பிடிக்க வேண்டுமா? அதற்குத் தனி உத்தி. புது வெளியீட்டின் பிரதிகள் கிடங்கிலிருந்து வெளியீட்டு நாளை ஒட்டி ஒரே வீச்சில் போய்விடும். அந்த நேரத்தில் தன் திட்டத்தில் காலி இடம் வைத்திருப்பவருக்குத்தான், அதாவது டிஸ்க்கைத் திருப்பிவிட்டுக் காத்திருப்பவருக்குத்தான் கிடைக்கும். வெளியீடு வெள்ளிக்கிழமை என்றால், உங்கள் பழைய டிஸ்க் செவ்வாய் அல்லது புதன் கிடங்கில் பதிவாகிவிட வேண்டும். அதற்கு முந்தின வெள்ளி அல்லது சனி காலையிலேயே தபாலில் போட்டிருக்க வேண்டும். கூடவே பட்டியலில் அந்த ஒரு கேமைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். வேறு கேம் இருந்தால் வெள்ளி வரை காத்திராமல் அதை அனுப்பி உங்கள் இடத்தை நிரப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் வெறுங்கையோடு இருப்பதுதான் இதற்கான விலை. ஒற்றை டிஸ்க் திட்டத்தில் இதை மாதம் ஒருமுறைக்கு மேல் செய்தால் கணக்கு இடிக்கும். இரண்டு டிஸ்க் திட்டத்தில் ஓர் இடத்தைப் புது கேமுக்கும் மற்றதைப் பழைய கேம்களுக்கும் ஒதுக்கிவைப்பது சுகமான ஏற்பாடு.

பிடிக்கத் தவறினால் ஏமாந்து உட்கார வேண்டாம். முதல் வீச்சில் வாங்கியவர்கள் ஆடி முடித்து அனுப்ப இரண்டு மூன்று வாரம் ஆகும். அப்போது பிரதிகள் அலை போலத் திரும்பும். அந்த நேரத்துக்கு உங்கள் இடம் காலியாகும்படி பார்த்துக்கொண்டால் போதும். இடைப்பட்ட வாரங்களில் பிழைத்திருத்தங்களும் வந்திருக்கும்.

டிஸ்க் வந்த நாள்

உறையைத் திறக்கும்போது கத்தரிக்கோலை உள்ளே விடாதீர்கள். பல உறைகளில் அதே காகிதம்தான் திருப்பி அனுப்பும் உறையும். கிழிக்க வேண்டிய ஓரம் எது, மடித்து ஒட்ட வேண்டிய ஓரம் எது என்று முதலில் பாருங்கள். விறைப்பான அட்டை ஒன்று கூட வந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு வேலை இருக்கிறது. உறை, அட்டை, காகிதப் பை மூன்றையும் ஒரே இடத்தில், கன்சோலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

குளிர்காலத்தில் பனியில் நின்ற தபால் பெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்கை உடனே கன்சோலில் போடக்கூடாது. வீட்டுச் சூட்டில் அதன் மேல் ஈரம் படியும். அரை மணி நேரம் வெளியே வைத்து, பிறகு போடுங்கள்.

முதலில் காகிதப் பையில் உள்ள பெயரும் டிஸ்க்கில் உள்ள பெயரும், கன்சோல் வகையும் ஒன்றுதானா என்று பாருங்கள். இரண்டு டிஸ்க் கொண்ட கேம்கள் உண்டு. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்’ இரண்டிலும் ஒன்று தரவு டிஸ்க், மற்றது ஆடும் டிஸ்க். நிறுவியபின் ஆடும் டிஸ்க் மட்டும் போதும், ஆனால் திருப்பும்போது இரண்டும் போக வேண்டும்.

பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடு ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் அந்த டிஸ்க்கை எக்காரணம் கொண்டும் உள்ளே விடாதீர்கள். வேகமாகச் சுழலும்போது அது உடைந்தால் டிரைவும் சேர்ந்து போகும். விரிசல் இல்லாத கீறல்களை ஆராயத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. டிஸ்க்கின் தடிமன் 1.2 மி.மீ. டிவிடியில் தரவு அடுக்கு அதன் நடுவில், 0.6 மி.மீ ஆழத்தில் இருக்கிறது. ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ ஆழத்தில். அதனால்தான் ப்ளூ-ரேக்கு மேலே கடினப் பூச்சு உண்டு. மெல்லிய கீறல்கள் அதில் விழாது, விழுந்தாலும் பாதிக்காது. ஆனால் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவு ஆழமான கீறலைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. தேய்ப்பதற்கு அங்கே பொருளே இல்லை. எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்க்குகளும் பெரும்பாலான பிஎஸ் 2 டிஸ்க்குகளும் டிவிடி வகை என்பதால் அவற்றை மெருகேற்றும் இயந்திரத்தில் மீட்கலாம். பிஎஸ் 3, பிஎஸ் 4, பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் ஒன், சீரிஸ் எக்ஸ் டிஸ்க்குகளை அதில் கொடுக்காதீர்கள். வாடகை டிஸ்க்கை எந்த வகையிலும் நீங்களே மெருகேற்ற வேண்டாம்.

அழுக்கு மட்டும் என்றால் நுண்ணிழைத் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும். டிஸ்க்கைப் படிக்கும்போது கன்சோல் செய்யும் பிழைத்திருத்தத்தால் அதை ஈடுசெய்வது கடினம். விரல் ரேகை எண்ணெய் போகாவிட்டால் துணியில் ஒரு சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஸ்விட்ச் அட்டை என்றால் தங்க நிறத் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் மெல்ல ஒற்றினால் போதும். அந்த அட்டையில் குழந்தைகள் விழுங்காமலிருக்கக் கடுங்கசப்புப் பொருள் பூசியிருக்கிறார்கள். எடுத்த கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.

நிறுவும்போது நகலெடுப்பு ஏதோ ஒரு சதவீதத்தில் நின்றுவிட்டால், டிஸ்க்கை எடுத்துத் துடைத்து, கன்சோலை அணைத்து ஏற்றி மறுபடி முயலுங்கள். இரண்டாம் முறையும் அதே சதவீதத்தில் நின்றால் குறை டிஸ்க்கில்தான். வெவ்வேறு இடத்தில் நின்றால், அல்லது உங்களிடம் உள்ள வேறு டிஸ்க்கும் ஓடாவிட்டால், டிரைவைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனை முழுவதையும் வந்த நாளிலேயே செய்துவிடுங்கள். குறை இருந்தால் அன்றே தளத்தில் பழுது என்று பதிந்து அனுப்பிவிடலாம். பத்து நாள் கழித்துக் கண்டுபிடித்தால் பத்து நாள் வீண்.

ஆடும்போது ஓர் எச்சரிக்கை மட்டும்: டிஸ்க் சுழலும்போது கன்சோலை நிமிர்த்தவோ சாய்க்கவோ கூடாது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் இப்படிச் செய்து வட்டக் கீறல் விழுந்த டிஸ்க்குகள் ஏராளம்.

திருப்பி அனுப்புவது

அனுப்பும் முன் கன்சோலைத் திறந்து டிஸ்க்கை வெளியே எடுங்கள். எல்லாச் சேவைகளுக்கும் வெற்று உறைகள் வந்து சேர்கின்றன. டிஸ்க் மட்டும் வீட்டுக் கன்சோலுக்குள்ளேயே இருக்கும். அதற்கு அடுத்தபடியான தவறு, நீங்கள் சொந்தமாக வாங்கிய டிஸ்க்கை உறையில் போடுவது. அது திரும்பி வருவது கடினம்.

அந்தந்த டிஸ்க் அதனதன் காகிதப் பையில் போக வேண்டும். பையில் உள்ள பட்டைக்குறியீட்டைப் பார்த்துத்தான் எது திரும்பியது என்று பதிவு செய்கிறார்கள். இரண்டு டிஸ்க்கை மாற்றிப் போட்டால் கணக்கில் குழப்பம் வந்து, நீங்கள் அனுப்பாத கேம் பெயரில் விசாரணை வரும். ஓர் உறைக்கு ஒரு கேம். கூடுதல் ஒட்டுநாடா, ஸ்டேப்ளர் ஊசி, துண்டுச்சீட்டு எதுவும் வேண்டாம். புகார் எழுத வேண்டுமானால் தளத்தில் எழுதுங்கள், உறையைப் பிரிப்பவர் அதைப் படிக்கப்போவதில்லை.

அந்த விறைப்பான அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கத் தபால் துறையின் கடிதம் பிரிக்கும் இயந்திரம் உறைகளை வளைந்த பட்டைகளுக்கு நடுவே வேகமாக இழுத்துச் செல்லும். அதில் டிஸ்க்குகள் உடைந்தன. நெட்ஃபிளிக்ஸ் உறைகளைத் தபால் ஊழியர்கள் கூடுதல் கட்டணமில்லாமல் கையால் பிரித்துக் கொடுத்தார்கள். கேம்ஃப்ளைக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. உடையாமலிருக்க, உறையைத் தடிப்பாக்கி, கடிதமாக அனுப்பாமல் ‘ஃபிளாட்’ என்ற பெரிய உறை வகையில் கூடுதல் கட்டணம் கட்டி அனுப்பியது. 2009 ஏப்ரலில் தபால் ஒழுங்காற்று ஆணையத்தில் முறையிட்டது. 2011-இல் பாரபட்சம் நடந்தது என்று ஆணையம் ஒப்புக்கொண்டாலும், கொடுத்த தீர்வு அரைகுறையாக இருந்தது. 2013 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஆணையத்துக்கே திருப்பி அனுப்ப, அதே ஆண்டில் இருவருக்கும் சமமான கட்டணம் வந்தது. உங்கள் டிஸ்க் முழுசாக வந்து முழுசாகப் போக வேண்டுமானால் உறையோடு வந்த அட்டையை அப்படியே திருப்பி வையுங்கள்.

எங்கே போடுவது என்பதில் ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம். வீட்டுப் பெட்டியில் கொடியை உயர்த்தி வைத்தால் தபால்காரர் எடுப்பார். ஆனால் டிஸ்க் என்று தெரியும் உறையைத் தெருவோரம் நாள் முழுக்க விட்டுவைப்பது திருட்டுக்கு அழைப்பு. தெருவில் இருக்கும் தபால் துறையின் நீலப் பெட்டியின் முகப்பில் கடைசியாக எடுக்கும் நேரம் ஒட்டியிருக்கும். அதைத் தாண்டிப் போட்டால் மறுநாள் கணக்கு, சனி மாலை என்றால் திங்கள். தபால் நிலையத்துக்குள் இருக்கும் துளையில் காலையில் போடுவதே பாதுகாப்பும் வேகமும். கேம்ஃப்ளையில் ‘ஃபாஸ்ட் ரிட்டர்ன்’ என்றொரு வசதி வந்தது. உறையின் குறியீட்டைத் தபால் நிலைய இயந்திரம் வாசித்த உடனேயே, டிஸ்க் கிடங்கு சேரும் வரை காத்திராமல், அடுத்ததை அனுப்பிவிடுவார்கள். திரும்பும் 3 நாளில் இரண்டு நாள் இதனால் மிச்சம். அந்த வாசிப்பு சீக்கிரம் நடக்கவும் தபால் நிலையமே நல்லது. 2021 அக்டோபரிலிருந்து முதல் வகுப்புத் தபால் சேரும் காலத்தை 3 நாளிலிருந்து 5 நாள் வரை தபால் துறை நீட்டிவிட்டதால், கிடங்குக்கு எட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

ஞாயிறும் கூட்டாட்சி விடுமுறையும் தபால் ஓடாது. முடிக்க இன்னும் இரண்டு மணி நேரம்தான் பாக்கி என்றால் ஞாயிறு இரவுக்குள் முடித்து, திங்கள் காலை அனுப்புவதுபோல் பழகிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை அனுப்பியபின் கேமைக் கன்சோலிலிருந்து அழித்து இடத்தைத் திரும்பப் பெறலாம். பிஎஸ் 5-இலும் ஸ்விட்சிலும் கேமை அழிப்பதால் சேமிப்புக் கோப்பு அழியாது, அது கன்சோலில் தனியாக இருக்கும். ஸ்விட்சில் சேமிப்புக் கோப்பு கேம் அட்டையில் பதிவதில்லை என்பதால் வேறொருவரின் ஆட்டம் உங்களுக்கு வராது, உங்களுடையதும் போகாது. நின்டெண்டோவின் பழைய கையடக்கக் கன்சோல்களான டிஎஸ், 3டிஎஸ் இரண்டிலும் பல கேம்கள் அட்டையிலேயே பதிபவை. திருப்பினால் உங்கள் ஆட்டமும் போய்விடும். கோப்பைகள், சாதனைகள் எல்லாம் கணக்கிலேயே தங்கும். பாதியில் அனுப்பிய கேமை ஆறு மாதம் கழித்து மறுபடி வரவழைத்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தபாலில் காணாமல் போனால்

அனுப்பியதாகக் காட்டி ஒரு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் தளத்திலேயே தெரிவிக்கும் வசதி இருக்கும். தபால் துறையின் ‘இன்ஃபார்ம்டு டெலிவரி’ இலவசச் சேவையில் சேர்ந்தால் அன்று வரும் கடிதங்களின் படம் காலையில் மின்னஞ்சலில் வரும். தடித்த உறைகள் அதில் பெரும்பாலும் தென்படாது. படம் இல்லை என்பதால் டிஸ்க் வரவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டு எண் விடுபட்ட முகவரியால் தொலைபவை அதிகம், அதை முதலில் சரிபாருங்கள். எத்தனை முறை தொலைந்தது என்று சேவைகள் குறித்துவைக்கும். அடிக்கடி நடந்தால் கணக்கை முடக்கவும் கூடும். எனவே உங்கள் தபால் பெட்டி பூட்டில்லாததாக இருந்தால், தபால் நிலையத்தில் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுப்பது அல்லது நம்பகமான வேறு முகவரி கொடுப்பது நல்லது. வீடு மாறினால் தபால் துறையிடம் சொல்வதோடு நிற்காமல் சேவையின் கணக்கிலும் முகவரியை மாற்றுங்கள். அதை மாற்றும் வரை எதையும் திருப்பி அனுப்பாதீர்கள். அனுப்பினால் அடுத்தது பழைய வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

பிடித்துப்போனால், போதும் என்றால்

கையில் இருக்கும் டிஸ்க்கையே வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. கேம்ஃப்ளையில் ‘கீப் இட்’ என்பார்கள். பணம் கட்டினால் டிஸ்க் உங்களுடையது, கடைப்பெட்டி பின்னால் தபாலில் வரும். விலையைப் பழைய கேம் விற்கும் கடைகளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள டிஸ்க், பாதி ஆடிய கேம், வழியில் ஒரு நாள்கூட வீணாகாது என்பதால், இரண்டு மூன்று டாலர் கூடுதலாக இருந்தாலும் தகும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். தபால் துறை உங்கள் கடிதங்களைப் பிடித்துவைக்கும் வசதி 3 நாளிலிருந்து 30 நாள் வரை மட்டும். ஆறு வாரம், எட்டு வாரம் சென்னையிலோ மதுரையிலோ இருந்துவிட்டு வருபவர்களுக்கு அது போதாது. கையில் இருக்கும் டிஸ்க்குக்கும் ஆடாமலே இரண்டு மாதக் கட்டணம் போகும். விமானத்துக்குப் பத்து நாள் முன்பே பட்டியலை முழுவதும் காலி செய்யுங்கள். பிறகு டிஸ்க்கை அனுப்புங்கள். இந்த வரிசை முக்கியம். பட்டியலில் ஒன்று மிச்சமிருந்தாலும் அது நீங்கள் இல்லாத வீட்டுக்கு வரும். திரும்பியதாகக் கணக்கில் காட்டியபின் சந்தாவை நிறுத்துங்கள்.

நிரந்தரமாக நிறுத்துவதற்கும் இதே வரிசைதான். டிஸ்க் கிடங்கில் பதிவாகும் முன் சந்தாவை ரத்து செய்தால், குறித்த நாட்களுக்குள் அது போய்ச் சேராத பட்சத்தில் கேமின் முழு விலையை உங்கள் கடன் அட்டையில் பிடித்துவிடுவார்கள். அடுத்த கட்டண நாள் எது என்று பார்த்து, அதற்கு எட்டு வேலை நாள் முன்னதாக அனுப்புங்கள். ரத்து செய்ததற்கான உறுதி மின்னஞ்சலையும், ‘திரும்பி வந்தது’ என்று காட்டும் திரையின் படத்தையும் அடுத்த இரண்டு மாத அட்டைக் கணக்கு வந்து சேரும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.